வெளிநாட்டில் கல்யாணப் பதிவு: நீலகிரி மலையிலிருந்து இறங்கும் முன் தயார் செய்ய வேண்டிய காகிதங்கள்

முகூர்த்த நாள் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஐந்தையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஆங்கிலத்தில் 'லதா' என்ற பெயருக்கு ஒன்றில் 'டி'க்குப் பிறகு 'ஹெச்' இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பிறப்புச் சான்றில் வெறும் இனிஷியலாக நிற்கும். பிறந்த ஊர் ஒன்றில் ஊட்டி, ஒன்றில் உதகமண்டலம், பழைய பதிவேட்டில் ஊட்டகமண்ட். நமக்கு மூன்றும் ஒரே ஊர்தான். லீட்ஸிலோ ஸ்டுட்கார்ட்டிலோ உட்கார்ந்திருக்கும் பதிவாளருக்கு அவை மூன்று ஊர்.

வெளிநாட்டுத் திருமணக் காகிதங்கள் தாமதமாவது பெரும்பாலும் விசாவால் அல்ல, இந்த மேசையில் தெரியும் வித்தியாசங்களால்தான். விமான டிக்கெட் எடுத்த பிறகு கண்ணில் பட்டால் சரிசெய்ய நேரம் இருக்காது. அதனால் குறைந்தது ஆறு மாதம், பிறப்புப் பதிவிலேயே சிக்கல் என்றால் ஒரு வருடம் முன்பாக ஆரம்பியுங்கள்.

எதைத் திருத்துவது?

பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் தொடங்கும் இடம் பிறப்புப் பதிவேடு. அதில் எழுத்துப் பிழை என்றால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15ஆம் பிரிவின்படி, பதிவு செய்த அலுவலகத்திலேயே திருத்த மனு கொடுக்கலாம். பிறப்புப் பதிவு சரியாக இருந்து பாஸ்போர்ட்டில் தவறு இருந்தால் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யுங்கள். நீலகிரி மாவட்டம் கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது.

'இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும்' என்று நோட்டரியிடம் அபிடவிட் போட்டுக்கொள்ளலாம் என்று நிறைய பேர் சொல்வார்கள். ஊர்ப் பெயர் வித்தியாசத்துக்கும், இனிஷியல் விரிந்திருப்பதற்கும் அது போதுமானதாக இருக்கலாம். பிறந்த தேதி மாறியிருந்தால் அபிடவிட் எடுபடாது. பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஹெட்மாஸ்டரே ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிட்ட கதை மலையில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த டிசியை வைத்துப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள், பிறப்புச் சான்றைத் தேடிப் பிடித்த பிறகுதான் இரண்டு தேதி இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். தேதி மாறினால் அதன் மேல் ஒட்டிய விசா, அபிடவிட், சான்று எல்லாமே மாற வேண்டும்.

படுகர் வீடுகளிலும் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் விசிட் விசாவில் 2022 நவம்பரிலிருந்து அது தடையாகலாம். அங்கே திருமணம் என்றால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு எடுக்கும் ஒவ்வொரு காகிதத்திலும் அதே வடிவம் வர வேண்டும்.

பிறப்புப் பதிவு எங்கே கிடக்கிறது?

உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் போன்ற நகராட்சி எல்லைக்குள் பிறந்தவர்கள் நகராட்சியிலும், பேரூராட்சியில் பிறந்தவர்கள் அந்தப் பேரூராட்சியிலும் கேட்க வேண்டும். கிராம ஊராட்சி என்றால் பிறப்புப் பதிவாளர் விஏஓதான், ஆனால் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கும். பிரசவம் எங்கே நடந்ததோ அந்த எல்லைதான் கணக்கு, வீடு இருக்கும் ஊர் அல்ல. கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிக்காரர் (படுகர் கிராமத்தவர்) உதகை அரசு ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு உதகை நகராட்சியில்தான் இருக்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அந்த எஸ்டேட் எந்த ஊராட்சியில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் கிடைத்தவுடன் 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தைப் பாருங்கள். கோடு மட்டும் போட்டிருந்தால், பதிவு செய்த நாளில் பெயர் வைக்கவில்லை என்று அர்த்தம். சட்டப்படி ஒரு வருடத்துக்குள் இலவசமாகவும், 15 வருடத்துக்குள் கட்டணம் கட்டியும் பெயர் சேர்க்கலாம். கல்யாண வயதில் இருப்பவர்களுக்கு அந்த 15 வருடம் எப்போதோ கடந்திருக்கும். அரசு அவ்வப்போது காலக்கெடுவை நீட்டித்து அறிவிக்கும், இப்போது அவகாசம் இருக்கிறதா என்பதைப் பதிவாளரிடம் நேரில் கேளுங்கள். பெயர் இல்லாத பிறப்புச் சான்றை வெளிநாட்டுப் பதிவாளர் யாரும் வாங்க மாட்டார்.

பதிவே இல்லை என்றால், முதலில் 'பதிவு இல்லை' என்ற சான்றைப் பதிவாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடம் தாண்டிய பிறப்பைப் பதிவு செய்ய ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வேண்டும். உதகை, குந்தா வட்டத்தினர் உதகை ஆர்டிஓவிடமும், குன்னூர், கோத்தகிரி வட்டத்தினர் குன்னூரிலும், கூடலூர், பந்தலூர் வட்டத்தினர் கூடலூரிலும் மனு கொடுக்க வேண்டும். டிசி, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பெற்றோர் ஆதார் என்று கையில் உள்ளதையெல்லாம் இணையுங்கள். விசாரணை விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாக நடக்கும், மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இந்த அலைச்சலைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் மின்சாரமும் சாலையும் நம்பக்கூடியவை அல்ல.

இலங்கையில் பிறந்து வந்தவர்களுக்கு வேறு வழி. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் டான்டீ (அரசுத் தேயிலைக் கழக) தோட்டங்களிலும் நிறைய. அங்கே பிறந்தவரின் பிறப்புச் சான்றுக்குச் சென்னையில் அப்போஸ்டில் (காகிதம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் சான்று) கிடைக்காது. எந்த நாடு காகிதத்தைக் கொடுத்ததோ அந்த நாடுதான் அதற்குச் சான்று சொல்ல முடியும். இலங்கையில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் புதிய சான்று நகல் எடுத்து, அங்குள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். சொந்தக்காரர் யாராவது அங்கே இருந்தால் அவர்கள் மூலம் செய்வது சுலபம். இந்தியக் குடியுரிமை பதிவு செய்த சான்றையும் கூடவே வையுங்கள், 'இலங்கையில் பிறந்தவருக்கு எப்படி இந்தியப் பாஸ்போர்ட்?' என்ற கேள்வி வந்தால் பதில் அதுதான்.

லேமினேஷன்

ஊட்டியில் நான்கு மாதம் பீரோவில் வைத்தால் காகிதம் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் பிறப்புச் சான்றிலிருந்து ரேஷன் கார்டு வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைப்பது மலைக்காரர்கள் வழக்கம். அப்போஸ்டில் என்பது காகிதத்தின் பின்பக்கம் ஒட்டும் ஒட்டுத்தாளும் அதன் மேல் விழும் முத்திரையும். பிளாஸ்டிக் மேல் அது செல்லாது.

"அண்ணா, இது லேமினேட் ஆயிருக்கு. வேற ஒரிஜினல் இருக்கா?"

"இதுதான் ஒரிஜினல் தம்பி."

"அப்ப புதுசா வாங்கிட்டு வந்துருங்க."

சென்னை கவுன்டரில் இந்தப் பேச்சு நடந்தால், நீலகிரி எக்ஸ்பிரஸில் போக ஓர் இரவு, வர ஓர் இரவு, நடுவில் ஒரு பகல், எல்லாம் வீண். இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிளாஸ்டிக்கை உரிக்கும் வித்தையெல்லாம் வேண்டாம், மை பிளாஸ்டிக்கோடு போய்விடும். பதிவு அலுவலகத்தில் க்யூஆர் குறியுடன் கணினியில் அச்சிட்ட புதிய சான்று கேளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம். மூன்று பிரதிகள் வாங்குங்கள்: ஒன்று அப்போஸ்டிலுக்கு, ஒன்று விசாவுக்கு, ஒன்று வீட்டில். ஈரத்துக்குப் பயமென்றால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையும் அதனுள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

கல்யாணமாகவில்லை என்பதற்குச் சான்று

'இவர் திருமணமாகாதவர், திருமணத்துக்குத் தடையில்லை' என்று அரசே தன் மக்கள்பதிவைப் பார்த்துக் கொடுக்கும் சான்று பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் அப்படி ஒரே சான்று கிடையாது. பதிலாக மூன்று காகிதங்கள் புழக்கத்தில் இருக்கின்றன, எது வேண்டும் என்பதை அந்த நாட்டுப் பதிவாளர் சொல்ல வேண்டும்.

முதலாவது, இ-சேவை மையம் வழியாகத் தாசில்தார் தரும் திருமணமாகாதவர் சான்றிதழ். விஏஓ ஊரில் விசாரித்து, ஆர்ஐ பார்த்து, தாசில்தார் டிஜிட்டலாகக் கையெழுத்திடுவார். இதில் பாஸ்போர்ட் எண் இருக்காது, அதுதான் குறை.

இரண்டாவது, உங்கள் அபிடவிட். முத்திரைத்தாள் 20 ரூபாய் என்பது பழைய கணக்கு, தமிழ்நாட்டில் 2024 மே முதல் 200 ரூபாய். ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர், நிரந்தர முகவரி வேண்டும். பிறகு 'எந்தச் சட்டப்படியோ வழக்கப்படியோ சடங்குப்படியோ இதுவரை திருமணம் செய்துகொண்டதில்லை' என்ற வரி. பிறகு யாரை, எந்த நாட்டில் மணக்கப் போகிறீர்கள் என்பதும் அவருடைய பாஸ்போர்ட் எண்ணும். நோட்டரி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் இட வேண்டும், கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோட்டரியின் பதிவு எண்ணும் பதிவேட்டு வரிசை எண்ணும் படிக்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, பெற்றோர் தரும் அபிடவிட். ஏற்கெனவே வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று கேட்கும்போது, பெரும்பாலும் ஊரிலிருந்து பெற்றோர் அபிடவிட்டையும் கேட்பார்கள். அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்டால் நல்லது, ஒருவர் இல்லை என்றால் இறப்புச் சான்று நகல்.

பங்குத்தந்தை கொடுக்கும் தடையின்மைக் கடிதமும், ஜமாஅத் கொடுக்கும் கடிதமும் ஆலயத்துக்கும் நிக்காஹ்வுக்கும் தேவைப்படலாம். அரசுப் பதிவாளர் முன் அவற்றுக்கு மதிப்பில்லை.

இந்தச் சான்றுகளுக்கு ஆயுள் குறைவு. பல நாடுகள் மூன்று மாதம் அல்லது ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்கும். பிறப்புச் சான்றை முதலில் முடியுங்கள், திருமணமாகாதவர் சான்றைக் கடைசியாக எடுங்கள். எல்லாம் ஒரே நாளில் முடியட்டும் என்று தை மாதத்திலேயே அபிடவிட் போட்டுவிட்டு ஆவணியில் கல்யாணம் வைத்தால், அந்த அபிடவிட் காலாவதியாகி இருக்கும்.

ஊரில் ஒரு தாலி, அங்கே ஒரு பதிவா?

இதில்தான் நல்ல மனசோடு செய்கிற பெரிய தப்பு நடக்கிறது. பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஊரில் கோவிலில் தாலி கட்டிவிடலாம், பதிவை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுப்பார்கள். பிறகு வெளிநாட்டுப் பதிவாளரிடம் 'திருமணமாகாதவர்' என்று எழுதிக் கொடுப்பார்கள். அது பொய்யான உறுதிமொழி. இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி வழக்கமான சடங்கோடு நடந்த திருமணம், பதிவு செய்யாவிட்டாலும் திருமணம்தான். தமிழ்நாட்டில் 1967இல் சேர்த்த 7-ஏ பிரிவு இன்னும் எளிது: உறவினர் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் ஆகிவிடும்.

அதனால் நிச்சயதார்த்தத்தில் மாலை மாற்றி எடுக்கும் போட்டோ கூட விசாவில் கேள்வியாகலாம். அமெரிக்காவின் கே-1 வருங்கால மனைவி அல்லது கணவர் விசாவுக்கு 'இவர்கள் இன்னும் திருமணமாகாதவர்கள்' என்பதுதான் அடிப்படை. மாலையும் கழுத்துமாக, பின்னால் நாதஸ்வரக்காரர் நிற்க எடுத்த படத்தை இணைத்தால், 'கல்யாணம் ஆகிவிட்டதே, மனைவி விசாவுக்கு விண்ணப்பியுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள்.

தேர்வு இரண்டுதான். ஊரில் கல்யாணம் என்றால் ஊரிலேயே பதிவு செய்து, கணவன் மனைவியாக விசா கேளுங்கள். வெளிநாட்டில் கல்யாணம் என்றால் ஊரில் தட்டு மாற்றுவதோடு நிறுத்துங்கள், சடங்கைப் பதிவுக்குப் பிறகு விருந்தோடு சேர்த்து நடத்துங்கள்.

முன்பு திருமணம் ஆனவர்கள்

விவாகரத்து ஆனவருக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் வேண்டும், ஜெராக்ஸ் போதாது. இந்து திருமணச் சட்டப்படி மேல்முறையீட்டுக் காலம் 90 நாள், அது முடியும் வரை மறுமணம் செய்யக்கூடாது. துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்றும், முந்தைய திருமணத்தைக் காட்டும் காகிதமும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வெளிநாட்டு விவாகரத்து என்றால் அங்குள்ள வழக்கறிஞரின் கருத்துக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொண்ட விவாகரத்துகள் மலையில் உண்டு. வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பட்டியல் பழங்குடிகளுக்கு, மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை, அந்தச் சட்டமே பொருந்தாது, அவர்களுக்கு வழக்கமே சட்டம். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட வெள்ளைத்தாளை வெளிநாட்டுப் பதிவாளரிடம் காட்டி விளக்க முடியாது. அந்த விவாகரத்து செல்லும் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு விளம்புகைத் தீர்ப்பு வாங்கிவிடுவதுதான் வழி. வழக்கு முடியும் காலத்தை யாராலும் சொல்ல முடியாது, ஆகவே இதில் சிக்கல் இருப்பவர்கள் மற்ற எதையும் தொடங்கும் முன் வக்கீலைப் பாருங்கள்.

இன்னொன்று: வெலிங்டனிலோ அரவங்காட்டிலோ மத்திய அரசு வேலையில் இருப்பவர் வெளிநாட்டுக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்தால், உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நடத்தை விதி சொல்கிறது. ராணுவத்தில் இருப்பவர்கள் தெரிவிப்பதோடு விட முடியாது, முன்னனுமதியே தேவை.

அப்போஸ்டிலா, அட்டஸ்டேஷனா?

ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர், 2024 ஜனவரியிலிருந்து கனடா ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் போதும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், கத்தார், குவைத் போன்றவற்றுக்கு வெளியுறவு அமைச்சக அட்டஸ்டேஷன், பிறகு இந்தியாவில் உள்ள அந்நாட்டுத் தூதரகம், பிறகு அங்கே போய் அவர்கள் வெளியுறவு அமைச்சகம் என்று மூன்று படி.

ஜெர்மனி தனி ரகம். இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்ததால், இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லுபடியாகாது. ஜெர்மன் பதிவு அலுவலகம் கேட்டுக்கொண்டால், சென்னைத் துணைத் தூதரகம் ஊரில் ஆளை வைத்து விசாரித்துக் காகிதத்தைச் சரிபார்க்கும். அதற்குப் பல மாதம் ஆகும். அப்போஸ்டிலுக்குக் கட்டிய காசு வீண் என்பது அப்போதுதான் தெரியவரும்.

வரிசை இப்படி: பிறப்புச் சான்றும் அபிடவிட்டும் முதலில் மாநில அரசின் உள்துறையில் முன்சான்று பெற வேண்டும், அது சென்னை தலைமைச் செயலகத்தில். பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சென்னைக் கிளை. அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை, அங்கீகரித்த ஏஜென்சிகள் மூலம்தான், அல்லது இ-சனத் தளத்தில். அமைச்சகக் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய், சாதாரண அட்டஸ்டேஷனுக்குக் கட்டணமே இல்லை. ஏஜென்சியின் சேவைக் கட்டணம் அதற்கு மேல். கோவையில் போர்டு வைத்திருக்கும் ஏஜெண்ட் ஒரு காகிதத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஒட்டுத்தாளில் உள்ள எண்ணை அமைச்சகத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், போலி ஒட்டுத்தாள்களும் புழங்குகின்றன.

மொழிபெயர்ப்பு வேண்டிய நாடு என்றால் அப்போஸ்டில் முடிந்த பிறகு மொழிபெயர்க்க வேண்டும். முன்பே செய்தால் அப்போஸ்டில் வாசகம் மொழிபெயர்ப்பில் இல்லாமல் போய், மறுபடி காசு.

நாட்டுக்கு நாடு

சிங்கப்பூர்: திருமண அறிவிப்பை ஆன்லைனில் கொடுத்த பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும், பிறகு குறித்த காலத்துக்குள் திருமணம் முடிய வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள். 21 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம். முஸ்லிம் திருமணத்துக்குத் தனிப் பதிவகம். கவனிக்க வேண்டியது வொர்க் பெர்மிட்: அதில் வேலை செய்பவரோ, முன்பு செய்தவரோ சிங்கப்பூர்க் குடிமகனை அல்லது நிரந்தரவாசியை மணக்க, மனிதவள அமைச்சகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பத்து வருடம் முன்பு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவருக்கும் இது பொருந்தும். அந்த அனுமதியை வாங்காமல் மணந்தால், பிறகு அந்த நாட்டுக்குள் நுழைவதே சிக்கலாகும்.

இங்கிலாந்து, வேல்ஸ்: பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்கும் முன் அந்த நாட்டில் குறைந்தது ஏழு முழு நாள் தங்கியிருக்க வேண்டும். பிறகு 28 நாள் காத்திருப்பு. இருவரில் ஒருவருக்கு நிரந்தர உரிமை இல்லை என்றால் அதை 70 நாளாக நீட்டிக்க முடியும். மணந்துவிட்டு ஊர் திரும்புவதற்கான திருமணப் பார்வையாளர் விசா ஆறு மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7 நாள், அறிவிப்புக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒன்றிரண்டு வாரம், அதற்கு மேல் 70 நாள். இறங்கிய நாளிலிருந்து மூன்றரை மாதம் தள்ளி மண்டபம் பிடித்தால்தான் நிம்மதி. அந்த விசாவில் அங்கேயே தங்கிவிட முடியாது. தங்குவதானால் வருங்காலத் துணைவர் விசாவிலேயே போக வேண்டும். திருமணமாகாதவர் சான்று இங்கே பொதுவாகக் கேட்பதில்லை. குறைந்தபட்ச வயது 2023 பிப்ரவரி முதல் 18, பெற்றோர் சம்மதித்தாலும் அதற்குக் கீழ் முடியாது.

அமெரிக்கா: கே-1 விசாவில் போனால் நுழைந்த 90 நாளுக்குள் மணக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்ததற்கு ஆதாரம் வேண்டும், வீடியோ கால் கணக்கில் வராது. திருமண உரிமம் மாநிலத்தைப் பொறுத்து கவுன்டி அல்லது நகர அலுவலகத்தில். நியூயார்க்கில் உரிமம் வாங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் திருமணம், உரிமத்தின் ஆயுள் 60 நாள். கலிபோர்னியாவில் காத்திருப்பு இல்லை, ஆயுள் 90 நாள். ஐயரோ பாதிரியாரோ கையெழுத்திட்ட உரிமம் அலுவலகத்துக்குத் திரும்பிப் போனால்தான் பதிவு. விழாவில் கையில் கொடுக்கும் பூப்போட்ட அழகான சான்று சட்டப்படி ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவில் திருமண நோக்க அறிவிப்பைக் குறைந்தது ஒரு மாதம் முன்பு, அதிகபட்சம் 18 மாதம் முன்பு கொடுக்க வேண்டும். ஊரிலிருந்தே கையெழுத்திட்டு அனுப்பலாம், ஆனால் யார் முன்னிலையில் கையெழுத்திடலாம் என்பதற்குப் பட்டியல் உண்டு, சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

ஜெர்மனியில் 'திருமணத் தகுதிச் சான்று' கேட்பார்கள். இந்தியா அதைக் கொடுப்பதில்லை என்பதால், உயர் மாநில நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு வாங்க வேண்டும், விண்ணப்பம் பதிவு அலுவலகம் வழியாகவே போகும். விலக்கின் ஆயுள் ஆறு மாதம். மேலே சொன்ன காகிதச் சரிபார்ப்பும் சேர்ந்தால் இங்கே ஒரு வருடம் என்பது மிகையல்ல.

இந்தியத் தூதரகத்திலேயே மணக்கலாமா?

வெளிநாட்டுத் திருமணச் சட்டம் 1969 அதற்கு இடம் தருகிறது. இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது. அறிவிப்புக் கொடுக்கும் முன் ஒருவர் அந்தத் திருமண அதிகாரியின் எல்லையில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்புக்குப் பிறகு ஆட்சேபத்துக்கு 30 நாள். மூன்று சாட்சிகள். அறிவிப்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நாள் அதிகம் பிடித்தாலும், கிடைப்பது இந்தியச் சான்று, அதற்கு அப்போஸ்டில் அலைச்சல் இல்லை. ஆனால் அந்நாட்டுச் சட்டம் தடுத்தால் அதிகாரி மறுத்துவிடுவார், அதனால் தூதரகத்துக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். உள்ளூர்ச் சட்டப்படி மணந்தவர்கள் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் தூதரகத்தில் பதிவு மட்டும் செய்துகொள்ளவும் வழி உண்டு.

முடிந்த பிறகு

திருமணச் சான்றில் கையெழுத்திடும் முன் எழுத்துக்கூட்டிப் படியுங்கள், அப்பா பெயர் உட்பட. பிழையை அன்றே திருத்துவது ஐந்து நிமிட வேலை. குன்னூரிலிருந்து இமெயில் போட்டுத் திருத்துவது ஐந்து மாத வேலை. சான்றிட்ட நகல் குறைந்தது நான்கு வாங்குங்கள். அந்த நாட்டிலிருந்து கிளம்பும் முன்பே அப்போஸ்டில் போட்டுவிடுங்கள்: பிரிட்டனில் வெளியுறவு அலுவலகத்தின் சட்டபூர்வமாக்கல் பிரிவு, சிங்கப்பூரில் சட்டக் கழகம், ஆஸ்திரேலியாவில் வெளியுறவுத் துறை, அமெரிக்காவில் அந்தந்த மாநிலச் செயலர்.

ஊருக்கு வந்து மறுபடியும் பதிவு செய்யப் போகாதீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 இந்த மாநிலத்துக்குள் நடந்த திருமணங்களுக்கானது. விருந்து நாளில் கோவிலில் கட்டிய தாலியைக் காட்டி இரண்டாவது சான்று வாங்கினால், ஒரே தம்பதிக்கு இரண்டு திருமணத் தேதி வந்து நிற்கும், அடுத்த விசாவில் அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்க, அப்போஸ்டில் போட்ட வெளிநாட்டுச் சான்றையே கோவைக்கு எடுத்துப் போங்கள். அதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள்.